இங்க்ஸ்கேப்பில் கிரேடியன்ட்: தட்டையான கத்திரிக்காயை உருண்டையாக்கும் வழி

லேபிள், பத்திரிகை, பேனர் வடிவமைக்கும் எங்கள் கடைக்கு இங்க்ஸ்கேப் என்னும் வரைகலை மென்பொருளில் வேலை பழக வருகிறவர்கள் வடிவம் வரைவதில் ஒரு வாரத்தில் தேறிவிடுகிறார்கள். மாட்டிக்கொள்வது கிரேடியன்ட், அதாவது ஒரு நிறம் மெல்ல இன்னொன்றாக மாறும் ஓட்டம், போடும் இடத்தில்தான். வண்ணப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் ஊதாவுக்கும் கத்திரிப்பூ நிறத்துக்கும் நடுவே அலைவார்கள். கடைசியில், "இன்னாணா இது, எந்த கலர் போட்டாலும் காய் தட்டையாவே இருக்கு" என்று வந்து நிற்பார்கள்.

பெரும்பாலும் நிறத்தில் தப்பு இருக்காது, வரிசையில்தான் இருக்கும். முதலில் வடிவம், பிறகு ஒற்றை நிறம், பிறகு ஒளி வரும் திசை, பிறகு பிடிகள் (ஓட்டம் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று இழுத்து வைக்கும் புள்ளிகள்), பிறகு ஸ்டாப்புகள் (அந்த ஓட்டத்தில் ஒவ்வொரு நிறமும் நிற்கும் இடங்கள்). நிறத்தைத் தேர்ந்தெடுப்பது கடைசி வேலை. பிடி தவறான இடத்தில் இருந்தால் எந்த நிறமும் சரியாகத் தெரியாது. அப்போது நிறத்தை மாற்றிக்கொண்டே போனால், இல்லாத நோய்க்கு மருந்து தேடுகிற கதைதான்.

பாடத்துக்கு ஒரு கத்திரிக்காயை எடுத்துக்கொள்வோம். புவிசார் குறியீடு பெற்ற முள்ளு கத்திரிக்காய் விளைகிற இலவம்பாடி நம் வேலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அந்தக் காயை வைத்து லேபிள் கேட்டு வருகிறவர்களும் உண்டு. வளைவு, பளபளப்பு, நிழல் மூன்றும் ஒரே பொருளில் கிடைப்பதால் பழகுவதற்கு இதைவிடத் தோதான பொருள் எனக்குத் தெரியவில்லை.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

இங்க்ஸ்கேப் 1.2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு. 1.2இல்தான் ஸ்டாப்புகளின் பட்டியல், உள்ளே நிரப்பும் நிறத்தையும் (ஃபில்) சுற்றுக்கோட்டையும் (ஸ்ட்ரோக்) மாற்றுகிற ஃபில் அண்ட் ஸ்ட்ரோக் பலகைக்குள்ளேயே வந்தது. பழைய பதிப்பில் அது அந்த இடத்தில் இருக்காது, இங்கே சொல்வது அதில் அப்படியே பொருந்தாது.

மவுஸ் ஒன்று வேண்டும். லேப்டாப்பின் டச்பேடில் பிடிகளை இழுத்தால் கை நடுங்கும், கோபம்தான் வரும்.

அப்புறம் ஒரு நிஜக் கத்திரிக்காய். சிரிக்காதீர்கள். நேதாஜி மார்க்கெட்டில் ஒரே ஒரு காய் கேட்டால் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். அதை ஜன்னலோரம் வைத்துப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். இணையத்தில் கிடைக்கும் படம் ஏற்கெனவே யாரோ ஒருவர் ஸ்டுடியோ விளக்கில் எடுத்தது. அதில் ஒளி நாலு பக்கமிருந்தும் வரும், குழப்பிவிடும்.

கோரல் டிராவில் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் ஃபவுண்டன் என்று சொல்வதுதான் இங்கே கிரேடியன்ட். கோரலில் ஃபவுண்டன் பெட்டிக்கு எஃப் 11 அழுத்திய பழக்கத்தில் இங்கேயும் அழுத்துவீர்கள், திரை முழுசாக விரிந்துவிடும். பயப்படாமல் மறுபடி எஃப் 11 அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். கிரேடியன்ட் கருவிக்கு விசை ஜி. கோரலின் இன்டராக்டிவ் ஃபில் கருவிக்கும் அதே ஜிதான் என்பதால் கை சீக்கிரம் பழகிவிடும்.

2. வடிவத்தை முழுசாக முடித்துவிடுங்கள்

வட்டக் கருவியில் ஒரு நீள்வட்டம் போட்டு, கண்ட்ரோல், ஷிஃப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாத் (கணுக்களை இழுத்துத் திருத்தக்கூடிய கோடு) ஆக்குங்கள். ஆங்கில என் (N) விசையை அழுத்தினால் கணுக்கள் தெரியும். மேல் கணுவைக் கொஞ்சம் ஒடுக்கி, கீழ்ப் பக்கத்தைப் பருமனாக்கினால் காய் வந்துவிடும். காம்பையும் முள் உள்ள தொப்பியையும் தனித்தனி வடிவங்களாக வரையுங்கள்.

பகுதிகள் தனித்தனியாக இருக்க வேண்டியதற்குக் காரணம், ஒரு வடிவத்தின் ஃபில் ஒரே ஒரு கிரேடியன்ட்டைத்தான் ஏற்கும். காயும் தொப்பியும் ஒரே பாத்தாக இருந்தால் காயின் நிழல் தொப்பி மேலும் ஓடும்.

பலர் இங்கே ஒரு தப்பு செய்கிறார்கள். பென்சில் கருவியால் நாலு துண்டுக் கோடுகளைப் போட்டு, முனைகளை ஒட்டவைத்தாற்போல் நிறுத்திவிடுவார்கள். கண்ணுக்கு மூடிய வடிவமாகத் தெரியும், ஆனால் நிறம் ஊற்றினால் ஒவ்வொரு துண்டும் தன் இரு முனைகளையும் நேர்கோட்டில் இணைத்துக்கொண்டு வெட்டிய முலாம்பழம் மாதிரி தனித்தனியாக நிரம்பும். கணுக் கருவியில் முனைகளை இணைத்து ஒரே மூடிய பாத்தாக்கிவிட்டு மேலே போங்கள். கிரேடியன்ட் போட்ட பிறகு வடிவத்தைத் திருத்தவும் முடியும்தான். ஆனால் வடிவம் மாறும்போது ஒளி விழும் இடமும் மாறும், எல்லாப் பிடிகளையும் மறுபடி இழுக்க வேண்டிவரும்.

3. முதலில் ஒற்றை நிறம், கோடு வேண்டாம்

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் அழுத்தி ஃபில் அண்ட் ஸ்ட்ரோக் பலகையைத் திறங்கள். ஃபில் பகுதியில் ஃப்ளாட் கலர் தேர்ந்தெடுத்து, காயின் நடுத்தர நிறத்தை வையுங்கள். நான் வைப்பது சிவப்பு 112, பச்சை 40, நீலம் 120. ஸ்ட்ரோக் பெயின்ட் பகுதிக்குப் போய்க் கோட்டை அணைத்துவிடுங்கள்.

நடுத்தர நிறம் என்பது வெளிச்சமும் நிழலும் படாத இடத்தில் காய் காட்டும் நிறம். அதை முதலில் போட்டுவிட்டால் வெளிச்சம் எவ்வளவு தூக்கல், நிழல் எவ்வளவு இறக்கம் என்று ஒப்பிட ஓர் அளவுகோல் கிடைக்கிறது.

கோட்டை அணைக்கச் சொல்வது, கருப்புக் கோடு சுற்றிலும் இருந்தால் கண் அதையே பிடித்துக்கொள்ளும் என்பதால்தான். உள்ளே நீங்கள் செய்யும் மெல்லிய நிற மாற்றம் தெரியவே தெரியாது. கோடு வேண்டுமென்றால் கடைசியில் போட்டுக்கொள்ளலாம்.

4. ஒளி எங்கிருந்து வருகிறது?

கணினியில் இல்லை, காகிதத்தில் ஓர் அம்பு போடுங்கள். இடது மேல் மூலையிலிருந்து என்று முடிவு செய்தால் அந்த லேபிளில் இருக்கும் காய், காம்பு, தட்டு எல்லாவற்றுக்கும் அதே அம்புதான். ஒரே படத்தில் காய்க்கு இடமிருந்தும் தொப்பிக்கு வலமிருந்தும் ஒளி வந்தால் பார்க்கிறவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது. ஆனால் ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும்.

இப்போது ஜன்னலோரக் காயைப் பாருங்கள். மூன்று விஷயங்கள் தெரியும். வெளிச்சம் மிக அதிகமாக விழும் இடம் காயின் நடுவில் இல்லை. விளிம்பிலும் இல்லை. ஒளி வரும் பக்கமாக, விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது.

இரண்டாவது, அது சின்னதாக, சட்டென்று முடிகிறது. கத்திரிக்காயின் தோல் வழவழப்பானது அல்லவா, அதனால் ஜன்னலே அதில் சின்னதாகப் பிரதிபலிக்கிறது. கொய்யாவை வைத்துப் பார்த்தால் இதே வெளிச்சம் பரவலாக, மங்கலாக இருக்கும்.

மூன்றாவதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. மிக இருட்டான இடம் எதிர் விளிம்பு அல்ல. விளிம்புக்குச் சற்று முன்னாலேயே இருட்டு முடிந்து, விளிம்பையொட்டி மறுபடி கொஞ்சம் வெளுக்கிறது. மேஜையில் பட்ட ஒளி திரும்பி வந்து காயின் அடியில் படுவதால் அப்படி. காயைக் கருப்புத் துணி மேல் வைத்தால் அந்த வெளுப்பு போய்விடும், வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்தால் திரும்ப வரும். நீங்களே மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். இந்த ஒரு மெல்லிய வெளுப்பைச் சேர்த்தாலே தட்டை உருண்டையாகிவிடும்.

5. லீனியரா, ரேடியலா?

உருளை வடிவங்களுக்கு லீனியர் (ஒரு நேர்கோட்டின் வழியே நிறம் மாறுவது): காம்பு, குழாய், டம்ளர், கம்பம். உருண்டைகளுக்கு ரேடியல் (ஒரு மையத்திலிருந்து சுற்றிலும் பரவுவது): காய், பந்து, குங்குமப் பொட்டு. தட்டையான பரப்புக்கு, அதாவது சுவர், வானம், பேனரின் பின்னணிக்கு, லீனியர் போதும்.

மெஷ் (நிறங்களை வலை மாதிரி விரிப்பது) என்று மூன்றாவதும் ஒன்று இருக்கிறது. முகத்துக்கும் துணி மடிப்புக்கும் அருமையாக வரும். ஆனால் பிரவுசர்கள் அதைத் தாமாகக் காட்டுவதில்லை, ஆரம்பத்தில் அதைத் தொட வேண்டாம் என்பேன்.

காயைத் தேர்ந்தெடுத்து, ஃபில் பகுதியில் ரேடியல் பொத்தானை அழுத்துங்கள்.

உடனே ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது. காயின் நடுவில் நிறம் இருக்கும், ஓரம் காணாமல் போயிருக்கும். "அண்ணா, பாதி காய் அழிஞ்சிடுச்சு" என்று இந்த இடத்தில் கூப்பிடாதவர் இதுவரை யாரும் இல்லை. ஒன்றும் அழியவில்லை. ஒற்றை நிறத்திலிருந்து கிரேடியன்ட்டுக்கு மாற்றும்போது இங்க்ஸ்கேப் முதல் ஸ்டாப்புக்கு உங்கள் நிறத்தையும், கடைசி ஸ்டாப்புக்கு அதே நிறத்தை முழு ஒளிபுகு நிலையிலும் வைக்கிறது. கடைசி ஸ்டாப்பைத் தேர்ந்தெடுத்து ஏ என்று குறித்திருக்கும் ஆல்ஃபா அளவை (0 என்றால் நிறம் தெரியாது, 100 என்றால் முழுசாகத் தெரியும்) 100க்கு ஏற்றுங்கள், ஓரம் திரும்பிவிடும்.

கண்ட்ரோல் இசட் அழுத்தி ஆரம்பத்துக்குப் போய், மறுபடி ரேடியல் அழுத்தி, மறுபடி அழித்து என்று ஒரு பையன் முக்கால் மணி நேரம் சுற்றியதைப் பார்த்திருக்கிறேன். பாவம், மென்பொருள் கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்துவிட்டான்.

6. பிடிகளை அதனதன் இடத்தில் வைப்பது

ஜி அழுத்தினால் காயின் மேல் பிடிகள் தெரியும். ரேடியலில் ஒரு சதுரம் நடுவிலும், இரண்டு வட்டங்கள் ஓரங்களிலும் இருக்கும். சதுரம்தான் மையம். வட்டங்கள் கிரேடியன்ட் எவ்வளவு தூரம் பரவ வேண்டும் என்பதைச் சொல்கின்றன. லீனியராக இருந்தால் சதுரத்தில் தொடங்கி வட்டத்தில் முடியும் ஒரே கோடு.

மையத்தைப் பிடித்து ஒளி வரும் பக்கமாக, இடது மேலே, காயின் மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்கு நகர்த்துங்கள். பிறகு வட்டப் பிடிகளை இழுத்து, பரவல் காயின் வலது கீழ் விளிம்பைச் சற்றே தாண்டும்படி செய்யுங்கள்.

தாண்ட வேண்டியது ஏன்? கடைசி ஸ்டாப்புக்கு அப்பால் இருக்கும் இடமெல்லாம் கடைசி நிறத்தாலேயே நிரம்பும். பரவல் காய்க்குள்ளேயே முடிந்துவிட்டால் அந்த முடிவு வட்டமான ஒரு வளையமாகத் தெரியும், தட்டில் ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி. நேர்மாறாக, பிடியை வெகுதூரம் வெளியே இழுத்துவிட்டால் பாதி நிறங்கள் காய்க்கு வெளியே போய்விடும், உள்ளே இருப்பது ஒரே மாதிரி தெரியும். "எந்த கலர் போட்டாலும் தட்டை" என்ற புகாருக்குப் பத்தில் எட்டு தடவை இதுதான் காரணம்.

கத்திரிக்காய் நீளமானது, பரவலும் நீள்வட்டமாகவே இருக்கட்டும். காயின் நீளவாக்கில் இருக்கும் பிடியை நீட்டி, மற்றதைக் குறுக்குங்கள்.

இனி ஒரு சின்ன வித்தை. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு மையச் சதுரத்தை இழுத்தால் அதிலிருந்து பெருக்கல் குறி மாதிரி ஒரு பிடி பிரிந்து வரும். அது குவியம். மையம் இருந்த இடத்திலேயே இருக்க, வெளிச்சப் புள்ளி மட்டும் நகரும். அதை இன்னும் கொஞ்சம் ஒளிப் பக்கம் தள்ளினால் வெளிச்சத்துக்கு அருகே நிறம் வேகமாக மாறும், எதிர்ப் பக்கம் மெதுவாக மாறும். காயின் வளைவில் நிஜமாக நடப்பதும் அதுதான்.

லீனியரில் காம்புக்குப் பிடியை இழுக்கும்போது, கண்ட்ரோலை அழுத்திக்கொண்டால் கோணம் 15 பாகையாகத் தாவும். காம்பின் நீளவாக்கில் இழுக்காதீர்கள், குறுக்காக இழுங்கள். உருளையில் ஒளி குறுக்காகத்தான் மாறுகிறது. நீளவாக்கில் இழுத்தால் காம்பு சாயம் போன வேட்டிக் கரை மாதிரி இருக்கும்.

திசை தலைகீழாக வந்துவிட்டால் ஷிஃப்ட் ஆர். பிடிகளை இடம் மாற்ற வேண்டியதில்லை.

7. ஸ்டாப் சேர்ப்பது

கிரேடியன்ட் கோட்டின் மேல் இருமுறை சொடுக்கினால் அந்த இடத்தில் ஒரு ஸ்டாப் பிறக்கும், வைர வடிவில் தெரியும். சேர்த்த உடனே படத்தில் எதுவும் மாறாது. அந்த இடத்தில் ஏற்கெனவே இருந்த நிறத்தையே அது எடுத்துக்கொள்வதால் அப்படி. "சொடுக்கினேன், ஒன்றும் நடக்கவில்லை" என்று திரும்பத் திரும்பச் சொடுக்கி ஒரே இடத்தில் ஐந்தாறு ஸ்டாப் சேர்த்துவிடுவார்கள். வேண்டாததைத் தேர்ந்தெடுத்து டெலிட் அழுத்துங்கள்.

காய்க்கு எனக்குப் பழகிய கணக்கு ஐந்து ஸ்டாப். இடம் 0இலிருந்து 1 வரை: வெளிச்சம் 0இல், வெளிச்சம் முடிவது 0.18இல், நடுத்தர நிறம் 0.5இல், ஆழ்ந்த நிழல் 0.85இல், திரும்பி வந்த ஒளி 1இல்.

முதல் இரண்டும் நெருங்கியிருப்பது பளபளப்புக்காக. 0.18ஐ 0.35க்கு நகர்த்திப் பாருங்கள், காய் கொய்யாவாகிவிடும். மினுமினுப்பான பொருளா, மந்தமான பொருளா என்பதை ஸ்டாப்புகளுக்கு நடுவில் உள்ள தூரமே முடிவு செய்கிறது.

இரண்டு ஸ்டாப்புகளை ஒரே இடத்தில் வைத்தால் கலப்பே இல்லாமல் கத்தியால் வெட்டியது போன்ற விளிம்பு வரும். சேலைக் கரை, கொடி, கோடு போட்ட லுங்கி எல்லாவற்றையும் இந்த முறையில் ஒரே வடிவத்துக்குள் முடித்துவிடலாம்.

8. இப்போது நிறம்

ஒவ்வொரு ஸ்டாப்பாகத் தேர்ந்தெடுத்து நிறம் கொடுங்கள். என் காய்க்கு: வெளிச்சம் 226, 180, 226. வெளிச்சம் முடிவது 150, 74, 156. நடுத்தரம் பழைய 112, 40, 120. நிழல் 52, 14, 66. திரும்பி வந்த ஒளி 88, 38, 100. இவை ஜன்னலோரம் இருந்த என் காயின் எண்கள். உங்கள் காய்க்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

வெளிச்சத்துக்கு வெறும் வெள்ளையும் நிழலுக்கு வெறும் கருப்பும் போடாதீர்கள். கருப்பு போட்டால் காயில் கரி பூசிய மாதிரி ஆகிவிடும். நிழல் என்பது அதே ஊதா, ஒளி குறைந்து, கொஞ்சம் நீலத்தின் பக்கம் சாய்ந்தது, அவ்வளவுதான்.

எதிரெதிர் நிறங்களைக் கலக்கும்போது வேறொரு பள்ளம் இருக்கிறது. மஞ்சளிலிருந்து நீலத்துக்குக் கிரேடியன்ட் போடுங்கள். நடுவில் பச்சை வரும் என்று எதிர்பார்ப்பீர்கள், வருவது சாம்பல். தூய மஞ்சள் 255, 255, 0. தூய நீலம் 0, 0, 255. மென்பொருள் எண்களைத்தான் கலக்கிறது, பாதி வழியில் மூன்றும் 128க்கு அருகே வந்து நிற்கின்றன. மூன்றும் சமமானால் சாம்பல்தானே? சிவப்பிலிருந்து பச்சைக்குப் போனாலும் இதே கதை, நடுவில் அழுக்குப் பாசி நிறம். நடுவே ஒரு ஸ்டாப் சேர்த்து நீங்கள் நினைத்த நிறத்தை நீங்களே கொடுத்துவிடுவதுதான் தீர்வு.

ஒளிபுகு நிலைக்கும் இதே எச்சரிக்கை. சிவப்பு மெல்ல மறைய வேண்டுமென்றால் இரண்டு ஸ்டாப்பிலும் அதே சிவப்பு இருக்கட்டும், கடைசியின் ஆல்ஃபாவை மட்டும் 0 ஆக்குங்கள். கடைசியில் ஆல்ஃபா 0 உள்ள கருப்பு இருந்தால், கண்ணுக்குத் தெரியாத கருப்புதானே என்று விட்டுவிடாதீர்கள். வழியெல்லாம் அது சிவப்பை அழுக்காக்கும்.

கல்யாணப் பத்திரிகைக்குத் தங்க நிறம் கேட்பார்கள். உடனே மஞ்சளைத் தேடுவார்கள் புதியவர்கள். தங்கத்தில் மஞ்சள் குறைவுதான். ஸ்ரீபுரம் பொற்கோயில் விமானத்தை மத்தியான வெயிலில் பார்த்திருக்கிறீர்களா? கண் கூசும் வெளுப்பும் கரும்பழுப்பும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், நடுவில்தான் கொஞ்சம் மஞ்சள். அந்தச் சண்டைதான் தங்கம். ஒரு லீனியரில் வரிசையாக இவற்றைப் போட்டுப் பாருங்கள்: 110, 68, 8. பிறகு 212, 160, 40. பிறகு 255, 242, 180. பிறகு 190, 134, 28. கடைசியில் 104, 62, 6. வெளிச்ச ஸ்டாப்பைச் சரியாக நடுவில் வைக்காமல் 0.4 பக்கம் தள்ளி வையுங்கள். நடுவில் வைத்தால் குழாய் மாதிரி தெரியும்.

9. எழுத்துக்குப் போடும்போது

யூனிகோட் எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ், எழுத்தாக இருக்கும்வரை கிரேடியன்ட்டை ஒரே பரப்பாக ஏற்கும். அதற்கு முன்பே பாத் ஆக்கிவிட்டால் ஒவ்வொரு எழுத்தும் தனி வடிவமாகி, ஒவ்வொன்றும் தனித்தனிக் கிரேடியன்ட் வாங்கிக்கொள்ளும். "வேலூர்" என்று எழுதினால் வே ஒரு தடவை வெளுத்துக் கறுக்கும், லூ மறுபடி வெளுத்துக் கறுக்கும்.

முதலில் எழுத்துக்குக் கிரேடியன்ட் போட்டு, பிடி சரிசெய்து, அதன் பிறகே கண்ட்ரோல், ஷிஃப்ட், சி அழுத்திப் பாத் ஆக்குங்கள். ஏற்கெனவே பாத் ஆகிவிட்டது என்றால், குழுவைப் பிரித்து, பாத் மெனுவில் யூனியன் கொடுத்து ஒரே வடிவமாக்கிய பிறகு கிரேடியன்ட் போடுங்கள்.

யூனியனுக்குப் பதில் கம்பைன் கொடுத்தாலும் சேரும். ஆனால் எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும் அலங்கார எழுத்துருக்களில், ஏறிய இடம் ஓட்டையாகிவிட வாய்ப்பு உண்டு. நான் யூனியன் பக்கம்.

யூனியன் கொடுக்கும் முன் எழுத்தாக இருக்கும் ஒரு பிரதியைப் பக்கத்தில் எடுத்து வையுங்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர் எழுத்துப் பிழை கண்டுபிடிப்பது எப்போதும் அதற்குப் பிறகுதான்.

10. பல வடிவங்களின் மேல் ஒரே ஓட்டம்

ஒரு கூடையில் ஐந்து காய் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி ரேடியல். ஆனால் ஐந்து கோபுரங்களின் நிழலுருவம் மேல் ஒரே அந்திவானச் சிவப்பு ஓட வேண்டுமென்றால், எல்லாவற்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, ஜி அழுத்தி, ஒரே இழுப்பில் குறுக்கே இழுங்கள். ஒவ்வொன்றும் அதே இழுப்பின் ஒரு பகுதியைக் காட்டும்.

11. நகர்த்தினால் நிறம் பின்தங்குகிறதா?

காயை இழுத்து வேறு இடத்தில் வைக்கிறீர்கள், காய் போகிறது, வெளிச்சம் பழைய இடத்திலேயே நிற்கிறது. தேர்வுக் கருவியின் மேல் பட்டையில் வலது ஓரமாகச் சின்னச் சின்னப் பொத்தான்கள் நாலு இருக்கும். அவற்றில் ஒன்று, வடிவத்தோடு கிரேடியன்ட்டும் நகர வேண்டுமா என்பதற்கானது. தெரியாமல் கை பட்டு அணைந்திருக்கும். அதை மறுபடி அழுத்துங்கள்.

வேண்டுமென்றே அணைத்து வைப்பதும் சில சமயம் உதவும். வானத்தின் கிரேடியன்ட் நிற்க, மேக வடிவத்தை மட்டும் நகர்த்திப் பார்க்கலாம்.

12. அச்சுக்கு அனுப்பும் முன்

இங்கே நான் சூடுபட்டிருக்கிறேன். சொந்தத்தில் ஒரு காதணி விழாவுக்கு 10 அடி அகல பேனர். பின்னணிக்கு 190, 215, 235இலிருந்து 210, 235, 255 வரை மெல்லிய நீல ஓட்டம், இடமிருந்து வலம். திரையில் பாலாடை மாதிரி இருந்தது. மண்டப வாசலில் கட்டினால் அரை அடிக்கு ஒரு பட்டை. யாரோ நீலத் துணிகளை வரிசையாகத் தைத்துத் தொங்கவிட்ட மாதிரி.

அச்சகத்தின் மேல் கோபப்பட்டேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டால் தப்பு என்னுடையது. ஒவ்வொரு நிறமும் 20 படிதான் ஏறுகிறது. 120 அங்குலத்தை 20ஆல் வகுத்தால் ஒரு படிக்கு 6 அங்குலம். எட்டு பிட் நிறத்தில், அதாவது 0 முதல் 255 வரையான முழு எண்களில், இரண்டு படிகளுக்கு நடுவே வேறு படி கிடையாது, எந்த மெஷினாலும் அதை உண்டாக்க முடியாது.

பெரிய பரப்பு என்றால் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் வித்தியாசத்தைக் கூட்டுங்கள். சிவப்பு 120இலிருந்து 210 வரை போனால் ஒரு படி ஒன்றே கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. அப்படியும் பட்டை தெரிந்தால், படமாக ஏற்றுமதி செய்து கிம்ப் என்னும் படத் திருத்த மென்பொருளில் மிக லேசான நாய்ஸ் (பொடிப் புள்ளிகள்) தூவுங்கள். பட்டையின் விளிம்பு அந்தப் பொடியில் கரைந்துவிடும்.

நிறம் பற்றி. இங்க்ஸ்கேப் திரையின் மூன்று நிறக் கணக்கில் வேலை செய்கிறது, அச்சு மெஷின் நாலு மையில். கண்ணைப் பறிக்கும் நீலம் அச்சில் ஊதாப் பக்கம் சாயும், பளிச்சென்ற பச்சை மங்கும். நம் காயின் ஊதாவும் கொஞ்சம் இறங்கித்தான் வரும். முக்கியமான வேலை என்றால், மீதமிருக்கும் ஃப்ளெக்ஸில் ஒரு அடி அடித்துக் காட்டச் சொல்லி, அதை வெயிலில் வைத்துப் பாருங்கள். கடையின் டியூப்லைட்டில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பேனர் தொங்கப் போவது வேலூர் வெயிலில்.

அளவு. ஒரு அடிக்கு ஒரு அங்குலம் என்று சுருக்கி வரைந்திருந்தால், 10க்கு 4 அடி பேனர் உங்கள் கோப்பில் 10க்கு 4 அங்குலம். எங்கள் பக்கத்து ஃப்ளெக்ஸ் கடைகள் நிஜ அளவில் அங்குலத்துக்கு 72 புள்ளி கேட்பது வழக்கம். அதை 12ஆல் பெருக்கி ஏற்றுமதிப் பெட்டியில் 864 என்று போடுங்கள், 8640க்கு 3456 புள்ளிகள் வரும். முன்னிருப்பாக இருக்கும் 96ஐ அப்படியே விட்டால் காய் சதுரம் சதுரமாகத் தெரியும்.

ஆல்ஃபாவோ மங்கலாக்கலோ இருக்கும் கோப்பைப் பிடிஎஃப் ஆகக் கொடுத்தால் சில அச்சு மென்பொருள்களில் வெள்ளைப் பெட்டியாக வந்து நிற்கும். இப்படிப்பட்ட வேலையை பிஎன்ஜி படமாகக் கொடுப்பதே எனக்கு நிம்மதி.

அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள். அது கோப்பை நசுக்கும், நசுங்குவது முதலில் கிரேடியன்ட்தான், வானம் கட்டம் கட்டமாகிவிடும். டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், கோப்பின் பெயரிலேயே அடிக் கணக்கையும் எழுதிவிடுங்கள்.